அடைப்புக்குறிக்குள் கூல்ட்

அன்பர்களே, முருங்கைப் பூவில் தொங்கித் தேன் குடிக்கும் நம் தேன்சிட்டைப் படமெடுத்து ‘ஹம்மிங்பேர்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஓசனிச்சிட்டு எனும் ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. உறவிலும் அது தேன்சிட்டுக்கு நெருக்கமில்லை. உழவாரன்குருவிதான் அதற்குக் கிட்டத்து உறவு. ஊர்ப்பெயர் இப்படிக் குழப்பும் என்பதால்தான் அறிவியல் பெயர் வேண்டியிருக்கிறது.

இன்று ஒரே ஒரு பெயரைப் பிரித்துப் பார்ப்போம்: ரமோசோமியா வயோலிசெப்ஸ் (கூல்ட், 1859). மெக்சிகோவிலும் அரிசோனாவின் தென்பகுதியிலும் காணப்படும் பறவை இது. வெள்ளை வயிறு, கருநுனி கொண்ட சிவந்த அலகு, ஊதாத் தலை. ‘வயோலிசெப்ஸ்’ என்றாலே ஊதாத்தலை என்றுதான் பொருள். முதற்சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம்.

கூல்டின் பெயரை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள்? ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்ட் 1859இல் பெயரிட்டபோது இதைச் சயனோமியா என்ற பேரினத்தில் வைத்தார். பேரினம் பின்னால் மாறிவிட்டது என்பதைத்தான் அந்தக் குறி காட்டுகிறது. மாறாமலிருந்தால் குறி கிடையாது. குறியை விட்டுவிட்டு எழுதினால், ரமோசோமியா என்பதும் கூல்ட் வைத்த பெயரே என்று பொய் சொன்னதாகிவிடும்.

நெடுங்காலம் இதை அமசிலியா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பேரினம் நிறத்தையும் உருவத்தையும் நம்பிக் கட்டியது. 2014இல் 284 இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு ஓசனிச்சிட்டுகளின் வம்சமரத்தை வரைந்தபோது, அமசிலியாவில் அடைத்திருந்தவை ஒரே கிளையில் நிற்கவில்லை. ஒரு மூதாதையும் அதன் வழிவந்த அனைத்தும் சேர்ந்தால்தான் பேரினம். ஆகவே 2017இல் அதைப் பிரித்தார்கள். நம் ஊதாத்தலை லூகோலியா என்ற பழைய பேரினத்துக்குப் போனது.

சிக்கல் அங்கேதான். ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு ‘வகை இனத்தோடு’, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாகக் குறிக்கப்பட்ட ஓர் இனத்தோடு, முளையடித்துக் கட்டப்பட்டிருக்கும். முளை எங்கே நிற்கிறதோ பெயரும் அங்கேதான். லூகோலியாவின் முளை ஊதாத்தலை இருக்கும் குழுவில்தான் நிற்கிறது என்று நம்பியிருந்தார்கள். பழைய ஏடுகளைத் தோண்டியபோது அது வேறொரு பறவை என்று தெரிந்தது. எனவே அந்தப் பெயர் இந்தக் குழுவுக்குச் செல்லாது. 2021இல் ரமோசோமியா என்ற புதுப்பெயர் உருவானது. மரபணு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், முளையைச் சரிபார்க்காமல் பழைய பெயரை எடுத்தால் இப்படித்தான் சறுக்கும்.

பழைய கையேட்டிலோ அருங்காட்சியகச் சீட்டிலோ ‘அமசிலியா வயோலிசெப்ஸ்’ என்று கண்டால், இரண்டாம் சொல்லோடு, பெயரிட்ட ஆசிரியரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். இரண்டாம் சொல் பண்புச்சொல்லாக இருந்தால் பேரினத்தின் இலத்தீன் பாலுக்கேற்ப அதன் ஈறு மாறும். செலஸ்போரஸ் ரூஃபஸ் என்ற இன்னொரு ஓசனிச்சிட்டைப் பாருங்கள்: செலஸ்போரஸ் எனும் பேரினம் ஆண்பால், ஆகவே ‘ரூஃபஸ்’. பெண்பால் பேரினமானால் ‘ரூஃபா’ ஆகியிருக்கும். ‘செப்ஸ்’ என்ற ஈறு மூன்று பாலுக்கும் பொது. அதனால்தான் இத்தனை பேரினம் மாறியும் ‘வயோலிசெப்ஸ்’ ஓரெழுத்தும் மாறவில்லை.