சிகின் ஏந்திய கிண்ணம்

வணக்கம் நேயர்களே. ஒழுகுகிற ஓட்டு வீட்டில் மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு இது தெரியும். சொட்டுகிற இடத்தில் பாத்திரம் வைப்போம். நிறைந்ததும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவோம். திரும்பி வருவதற்குள் தரை நனைந்திருக்கும். அந்த அரை நிமிஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் புராணம் என்றால் தோர் தெரியும், ஓடின் தெரியும், சூழ்ச்சிக்கார லோக்கியையும் தெரியும். லோக்கியின் மனைவி சிகினைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஓடினின் மகன் பால்டர் சாகக் காரணமானவன் லோக்கி. தேவர்கள் அவனைப் பிடித்துக் குகைக்குக் கொண்டுபோனார்கள். அவன் பிள்ளைகளில் ஒருவனை ஓநாயாக்கி, இன்னொருவனைக் குதற வைத்தார்கள். செத்த பிள்ளையின் குடலாலேயே தகப்பனை மூன்று கற்பலகைகள்மேல் கட்டினார்கள். கேட்கிற எல்லோரும் இந்த இடத்தில் லோக்கியையே பார்க்கிறோம். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள். பெற்றவள் நிற்கிறாள்.

பிறகு ஸ்காடி என்ற அரக்கர் குலப் பெண் ஒரு விஷப்பாம்பை லோக்கியின் முகத்துக்கு நேர் மேலே கட்டிவிட்டாள். விஷம் சொட்டுகிறது. சிகின் பக்கத்தில் நின்று கிண்ணம் ஏந்துகிறாள். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்துர்லுசன் எழுதிய ‘எட்டா’ என்ற புராண நூலில் அந்தக் கிண்ணத்துக்கு வரும் சொல், கை கழுவும் பாத்திரத்தைக் குறிப்பது. வீட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள் என்றே எனக்குத் தோன்றும். நிறைந்ததும் கொட்டப் போகிறாள். அந்த அரை நிமிஷம்தான்! விஷம் முகத்தில் விழுகிறது, லோக்கி துடிக்கிறான், பூமியே ஆடுகிறது. நிலநடுக்கம் என்பது இதுதான் என்கிறது எட்டா. ஐஸ்லாந்து அடிக்கடி அதிரும் மண் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு நடந்தும் ஸ்னோரியின் கதையில் சிகின் வாய் திறப்பதில்லை. ஒரு வார்த்தை கூட இல்லை. கணவன் அருகே மகிழ்ச்சியின்றி உட்கார்ந்திருக்கிறாள் என்று வோலுஸ்பா என்ற பழம்பாட்டு சொல்கிறது. இன்னொரு பழங்கவிஞர் லோக்கியைச் சிகினுடைய கைகளின் சுமை என்றே பாடினார். அவர் தழுவலைச் சொல்லியிருப்பார். எனக்கு அந்த வரியில் கிண்ணம் ஏந்தி மரத்துப்போன கைகள்தான் தெரிகின்றன.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். இங்கிலாந்தின் கம்பிரியாவில், கோஸ்ஃபோர்த் தேவாலய வளாகத்தில் 10ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவை ஒன்று நிற்கிறது, 4 மீட்டருக்கு மேல் உயரம். ஒரு பக்கம் சிலுவையில் இயேசு. மறுபக்கம் கட்டுண்டு கிடக்கும் ஒருவன், அருகில் கிண்ணத்தோடு ஒரு பெண். லோக்கியும் சிகினும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆயிரம் வருஷ மழையிலும் அவள் கிண்ணத்தை இறக்கவில்லை. நன்றி, வணக்கம்.