பாட்டி இப்போது எங்கே இருக்கிறார்? மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடைப்பட்ட காலம் குறித்த ஒரு கேள்விக்கு விளக்கம்

இந்த வாரக் கேள்வியை ஒரு சகோதரி எழுதி அனுப்பியிருக்கிறார். அண்மையில் அவருடைய பாட்டி காலமாகியிருக்கிறார். அடக்க ஆராதனையில் போதகர், "தாயார் இந்நேரம் கர்த்தருடைய சமுகத்தில் இருக்கிறார்" என்று ஜெபித்தாராம். கத்தோலிக்கரான அத்தை, பாட்டியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்திருக்கிறார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்குச் செல்லும் சித்தப்பாவோ, "அம்மா தூங்குகிறார்கள், கர்த்தர் வரும்போதுதான் எழுந்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டார். "மூவர் கையிலும் இருப்பது ஒரே வேதாகமம்தானே, இதில் யார் சொல்வது சரி, நான் பாட்டிக்காக ஜெபிக்கலாமா கூடாதா" என்று சகோதரி கேட்கிறார்.

நான் சீர்திருத்தச் சபை மரபில் வளர்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை நீங்கள் அறிந்துகொண்டு கேட்பதே நேர்மை.

"ஒரே வேதாகமம்" என்று சகோதரி எழுதியிருப்பதைச் சற்றே திருத்த வேண்டியிருக்கிறது. அத்தையின் வேதாகமத்தில் மக்கபேயர் இரண்டாம் நூல் இருக்கிறது, போதகருடையதிலும் சித்தப்பாவுடையதிலும் அது இல்லை. அந்த நூலின் 12-ஆம் அதிகாரத்தில், போரில் இறந்த வீரர்களின் ஆடைக்குள்ளே யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்துகள் அகப்படுகின்றன. அதைக் கண்ட யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி செலுத்தும்படி இரண்டாயிரம் திராக்மா வெள்ளியைத் திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிறார். இறந்தவருக்காக வேண்டுதல் செய்யலாம் என்பதற்குக் கத்தோலிக்கர் காட்டும் தெளிவான பகுதி இதுதான். ஆகவே அத்தைக்கும் போதகருக்கும் இடையிலான கருத்து வேறுபாட்டில் ஒரு பாதி, எந்த நூல் வேதம் என்ற கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது.

மூவரும் எதில் ஒத்துப்போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அது சிறிய விஷயம் அன்று. போதகரின் சபையில் "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று அறிக்கையிடுகிறார்கள். அத்தையின் ஆலயத்தில் அதையே "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன், நிலைவாழ்வை நம்புகிறேன்" என்கிறார்கள். சித்தப்பாவுக்கோ உயிர்த்தெழுதல்தான் எல்லாமே. கிறிஸ்து திரும்ப வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு நடக்கும் என்பதில் இம்மூவருக்கும் தகராறு இல்லை. மரணத்துக்கும் அந்த நாளுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதில்தான் தகராறு. அந்த இடைக்காலத்தைப் பற்றி வேதம் பேசும் வசனங்கள் மிகச் சிலவே.

சித்தப்பாவின் நிலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்றச் சபைகளில் அதைக் கேட்டவுடனேயே தள்ளிவிடும் பழக்கம் இருக்கிறது. ஆதியாகமம் 2:7-ஐ நம் பழைய மொழிபெயர்ப்பில் கவனித்து வாசியுங்கள். தேவன் மண்ணினாலே மனுஷனை உருவாக்கி, ஜீவசுவாசத்தை நாசியிலே ஊதினார், "மனுஷன் ஜீவாத்துமாவானான்" என்று இருக்கிறது. ஆத்துமாவைப் பெற்றான் என்று அங்கே இல்லை, ஆத்துமா ஆனான் என்றுதான் இருக்கிறது. மண்ணும் சுவாசமும் சேர்ந்த முழு மனிதனே ஆத்துமா என்றால், சுவாசம் நின்றபின் தனியே பறந்துபோக எதுவும் மிஞ்சாது என்பது அவர்களுடைய வாதம். இதோடு "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்ற பிரசங்கி 9:5-ஐயும், லாசரு இறந்ததை இயேசுவே "நித்திரையடைந்திருக்கிறான்" என்று சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் 'செமட்டரி' என்ற சொல்லும், 'தூங்கும் இடம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1863-இல் அமைப்பாக உருவான அட்வென்டிஸ்ட் சபை இந்தக் கருத்தைக் கண்டுபிடிக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில், சீர்திருத்தக் காலத்திலேயே இப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரே மரணத்தைப் பலமுறை ஆழ்ந்த உறக்கமாக வருணித்திருக்கிறார். எங்கள் மரபின் முன்னோடியான கால்வினுக்கு அது பிடிக்கவில்லை. தம் 25-ஆம் வயதில், 1534-இல், ஆத்தும உறக்கத்தை மறுத்து அவர் எழுதியதே அவருடைய முதல் இறையியல் நூல்.

இதற்கு எதிரே நிற்கும் வசனங்களில் பெரியது லூக்கா 23:43. சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் இயேசு சொன்னதை நம் பழைய மொழிபெயர்ப்பு, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்று தருகிறது. தமிழில் வாசிக்கிறவருக்கு இதில் சந்தேகமே எழாது. ஆனால் கிரேக்கத்தில் சொற்களின் வரிசை வேறு: "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன் இன்றைக்கு என்னுடனேகூட இருப்பாய் பரதீசில்" என்ற வரிசையில் அது ஓடுகிறது, பழைய கையெழுத்துப் பிரதிகளில் காற்புள்ளியும் கிடையாது. "இன்றைக்கு" என்பதை முன்னால் உள்ள "சொல்லுகிறேன்" என்பதோடு சேர்ப்பதா, பின்னால் உள்ள "இருப்பாய்" என்பதோடு சேர்ப்பதா? முன்னால் சேர்த்தால், "நீ பரதீசில் இருப்பாய் என்று இன்றைக்கு உனக்குச் சொல்லுகிறேன்" என்று பொருளாகும், எப்போது இருப்பான் என்பது சொல்லப்படாமல் போகும். அட்வென்டிஸ்டுகளும் யெகோவாவின் சாட்சிகளும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், மொழிபெயர்ப்பவர் "இன்றைக்கு" என்ற சொல்லை எங்காவது ஓரிடத்தில் வைத்தே ஆக வேண்டும். வைத்தவுடன் வழக்கு முடிந்துவிடுகிறது, வழக்கு ஒன்று இருந்ததே வாசகருக்குத் தெரிவதில்லை.

என் கணிப்பில் நம் மொழிபெயர்ப்பு சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறது. "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்பது சுவிசேஷங்களில் இயேசு திரும்பத் திரும்ப ஆளும் வாய்மொழி. அதனோடு "இன்றைக்கு" என்று ஒட்டி, சொல்லும் நாளைக் குறிப்பிடும் வழக்கம் அவரிடம் வேறெங்கும் இல்லை. மேலும், "உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்று என்றோ ஒரு நாளைக் கேட்டவனுக்கு, "இன்றைக்கே" என்பது அவன் கேட்டதற்கு மேலான பதிலாகப் பொருந்துகிறது. ஆனாலும் சித்தப்பா ஒரு நியாயமான கேள்வியைக் கையில் வைத்திருப்பார்: மூன்றாம் நாளில் மகதலேனா மரியாளிடம் "நான் இன்னும் என் பிதாவினிடத்திற்கு ஏறிப்போகவில்லை" என்று சொன்ன இயேசு, வெள்ளிக்கிழமையே கள்ளனை எங்கே அழைத்துப்போனார்? பரதீசு என்பது நீதிமான்கள் காத்திருக்கும் இடம், பிதாவின் சிங்காசனம் அன்று என்று விடை சொல்லலாம், பலர் சொல்லியும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர், மரித்தவுடன் போய்ச் சேர்வது இறுதியான பரலோகம் அல்ல என்பதையும் கூடவே ஒப்புக்கொள்கிறார். அடக்க ஆராதனைகளில் நாம் பேசும் பேச்சு பல வேளைகளில் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

எனக்கு இதைவிடவும் வலுவாகத் தோன்றுவது பிலிப்பியர் 1:23. "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு, அது அதிக நன்மையாயிருக்கும்" என்று பவுல் எழுதுகிறார். உயிரோடிருக்கும்போதே கிறிஸ்துவின் ஐக்கியத்தை அனுபவித்தவர், ஒன்றும் அறியாத உறக்கத்தை "அதிக நன்மை" என்று ஏன் சொல்ல வேண்டும்? தூங்குகிறவனுக்கு இடைவெளி தெரியாது, கண்ணை மூடித் திறந்தால் உயிர்த்தெழுதல்தான் என்று அட்வென்டிஸ்டுகள் பதிலளிப்பார்கள். பாட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பதில் குறைவற்றதுதான், ஆனால் பேத்திக்கு அந்த இடைவெளி நாள்தோறும் தெரிகிறது. சீர்திருத்தச் சபை மரபில் 1646-இல் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, ஆத்துமாக்கள் மரிப்பதுமில்லை, உறங்குவதுமில்லை என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்கிறது. போதகர் ஜெபித்தது அந்த மரபில் நின்றுதான்.

அத்தையின் நம்பிக்கைக்கு வருவோம். கத்தோலிக்கப் போதனைப்படி ஒவ்வொருவருக்கும் இறந்தவுடனே தனித்தீர்ப்பு உண்டு. கடவுளின் அருளில் இறந்தும் இன்னும் முழுமையாகத் தூய்மையடையாதவர்கள், விண்ணகம் நுழையுமுன் தூய்மை பெறுகிறார்கள். பழையவர்கள் இதை "உத்தரிக்கிற ஸ்தலம்" என்பார்கள். நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவே உள்ள மூன்றாவது இடம் என்றோ, தப்பித்துக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு என்றோ நம் சபைகளில் அதை விளக்குகிறவர்கள் தவறாக விளக்குகிறார்கள். அங்கே இருப்பவர் எல்லாருமே மீட்படைந்தவர்கள்தாம். இது ஓர் இடமன்று, ஒரு நிலை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999-இல் விளக்கினார். 1517-இல் லூத்தரால் வெடித்த சண்டை, இந்த நிலையைப் பணத்தால் சுருக்கலாம் என்று பேசிய வியாபாரத்தைப் பற்றியது. லூத்தரின் 95 கருத்துரைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கவே இல்லை, 1530-இல்தான் அவர் அதை வெளிப்படையாகத் தள்ளினார்.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் எல்லாம் தொடக்கத்திலேயே முடிவாகிவிடவில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு, இதை நான் விரும்பிச் சொல்வது வழக்கம். 1331-ஆம் ஆண்டு அனைத்துப் புனிதர் திருநாளில், அவிஞோன் நகரில் இருந்த திருத்தந்தை 22-ஆம் யோவான், இறந்த புனிதர்கள் இறுதித் தீர்ப்பு வரை கடவுளை முகமுகமாய்க் காண்பதில்லை என்று மறையுரை ஆற்றினார். வெளிப்படுத்தின விசேஷத்தில் பலிபீடத்தின் கீழே ஆத்துமாக்கள் காத்திருக்கிறார்களே, அவர்களைப் போல அதுவரை காத்திருக்கிறார்கள் என்றார். பாரிஸ் பல்கலைக்கழக இறையியலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 90 வயதை எட்டிக்கொண்டிருந்த அந்த முதியவர், 1334 டிசம்பரில் மரணப்படுக்கையில், தாம் இறப்பதற்கு முந்தைய நாளில், அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருக்குப் பின் வந்த 12-ஆம் பெனடிக்ட், தூய்மையடைந்த ஆன்மாக்கள் பொதுத்தீர்ப்புக்கு முன்னரே கடவுளைக் காண்கிறார்கள் என்று 1336-இல் அதிகாரபூர்வமாக வரையறுத்தார். ஆகவே அதுவரை, சித்தப்பா கேட்பதைப் போன்ற ஒரு கேள்வி அங்கேயும் விவாதத்துக்கு உரியதாகத்தான் இருந்தது.

சகோதரி கேட்காத ஒரு தரப்பையும் சொல்ல வேண்டும். கீழைத் திருச்சபையார், அதாவது ஆர்த்தடாக்ஸ் மரபினர், இறந்தவர்களுக்காக உருக்கமாக ஜெபிக்கிறார்கள். மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாள்களில் நினைவு வழிபாடு நடத்துகிறார்கள். ஆனாலும் உத்தரிக்கும் நெருப்பை அவர்கள் ஏற்பதில்லை. 1438–39-இல் பெராரா, புளோரன்ஸ் நகரங்களில் நடந்த சங்கத்தில் கத்தோலிக்கரும் அவர்களும் இதைப் பேசித் தீர்க்க முயன்றபோது, ஆர்த்தடாக்ஸ் பேராயரான எபேசு நகர் மாற்கு உடன்படிக்கையில் கையொப்பமிட மறுத்தார். ஜெபம் பயன்படுகிறது என்று நம்பினாலும், எப்படிப் பயன்படுகிறது என்று கணக்குப் போட அவர்கள் முன்வருவதில்லை.

நரகம் முடிவற்ற வேதனையா, அழிந்துபோவதா, கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்களா என்பதும் இதையொட்டி வரும் கேள்விதான், ஆனால் அது இடைக்காலத்தைப் பற்றியதன்று, அதைத் தனியே ஒரு நாளில் பேசலாம். அட்வென்டிஸ்டுகள் துன்மார்க்கரின் அழிவை நம்புவதற்கும், ஆத்துமா இயல்பிலேயே சாகாதது என்பதை அவர்கள் மறுப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, பாட்டிக்காக ஜெபிக்கலாமா? அத்தையின் சபையிலும் ஆர்த்தடாக்ஸ் சபையிலும் தயக்கமின்றி ஆம் என்பார்கள். சித்தப்பா, அதனால் பாட்டிக்கு ஆவது ஒன்றுமில்லை என்பார். எங்கள் மரபில், மரித்தவரின் நிலையை நம் ஜெபம் மாற்றாது என்றே பெரும்பாலோர் கற்பிக்கிறார்கள், நானும் அப்படியே கருதுகிறேன். ஆனால் துக்கத்தில் வாயில் வந்துவிட்ட ஜெபத்தைப் பாவமென்று நான் சொல்ல மாட்டேன். இறந்தவருக்கான திருப்பலியைக் கடுமையாக எதிர்த்த லூத்தரே 1528-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: "தேவனே, இந்த ஆத்துமா உதவி பெறக்கூடிய நிலையில் இருக்குமானால் அதற்கு இரங்கும்" என்ற பொருளில் ஒருமுறையோ இருமுறையோ தனியே வேண்டிக்கொண்டு, அதோடு விட்டுவிடலாம் என்றார். சகோதரி, ஜெபித்துவிட்டோமே என்று நீங்கள் அஞ்சிக்கொண்டிருந்தால், அந்த ஒருமுறையை நீங்கள் ஏற்கெனவே ஜெபித்தாயிற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் வாழ்வுக்காக நன்றி சொல்வதற்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. அதை அத்தையோடும் சித்தப்பாவோடும் ஒரே அறையில் அமர்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். மூவருடைய சபையிலும் அதற்குத் தடை இல்லை.