தன்வரலாறே! கோத்தகிரி பட்டிமன்றத்தில் ஒரு தையல்காரியின் பேச்சு

நடுவர் அவர்களே, எதிரணியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, இந்த நவம்பர் மழையிலும் நூலக வார விழாவுக்கு வந்து ஈரக் குடையை எங்கே சாய்ப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருக்கும் கோத்தகிரிப் பெரியவர்களே, வணக்கம்.

‘மனசில் தங்குவது கற்பனைக் கதையா, தன்வரலாறா?’ இதுதான் தலைப்பு. நான் தன்வரலாறு கட்சி. எதிரணித் தலைவர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். நான் பஜாரில் தையல் கடை வைத்திருப்பவள். ரவிக்கைத் துணியும் நூலகப் புத்தகமும் என் கடையில் ஒரே தட்டில்தான் இருக்கும். படித்த பக்கத்துக்கு அடையாளமாக அளவுச் சீட்டைச் சொருகி வைப்பேன். அப்படி மூன்று பேருடைய அளவு நூலகத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. தீபாவளிக்கு ரவிக்கை இறுக்கம் என்று சண்டைக்கு வந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் மன்னிக்க வேண்டும்.

ஆகையால் ஆராய்ச்சியை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். பிடித்தது, பிடிக்காதது, அவ்வளவுதான்.

நாவல் எனக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் சோறு தண்ணி மறந்து படித்தவள்தான். படித்து முடித்து, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்டால் இன்றைக்கும் விழிக்கிறேன்! அடுத்து என்ன, அடுத்து என்ன என்று ஓடின ஓட்டத்தில் வழியில் பார்த்ததெல்லாம் வழியிலேயே கொட்டிப்போயிற்று.

எதிரணித் தலைவர் சொன்னார், தன்வரலாறு என்றாலே தற்பெருமை என்று. சில புத்தகங்களுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. பிறந்தேன், வளர்ந்தேன், மாலை போட்டார்கள், மறுபடியும் மாலை போட்டார்கள் என்று போகும். நானும் பாதியில் மூடியிருக்கிறேன். ஆனால் ஐயா, ‘என் சரித்திரம்’ படித்துவிட்டா இப்படிச் சொன்னீர்கள்?

1940-ல் ஆனந்த விகடனில் அதை எழுத ஆரம்பித்தபோது உ.வே.சாமிநாதையருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஊரே தமிழ்த் தாத்தா என்று கையெடுக்கிறது. அந்த வயதில் உட்கார்ந்து என்னத்தை எழுதுகிறார்? 1880-ல், தமக்கு 25 வயதில், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போன கதையை எழுதுகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இதிலெல்லாம் என்ன பிரயோசனம் என்கிற மாதிரி பேசிவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை, இல்லை, இல்லை. கல்லூரியில் தமிழ் வாத்தியார் சொல்கிற பதில் இது! சிந்தாமணிப் பிரதி கைக்கு வந்த பிறகும் அது சமண நூல் என்பது தமக்கு முதலில் தெரியாது, ஊரிலிருந்த ஜைனர்களிடம் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன் என்று அதையும் எழுதி வைக்கிறார். 1887-ல் அதே சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். அன்றைக்குத் தலை குனிந்ததை மறைத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

எனக்குத் தெரிந்த தொழிலில் சொல்கிறேன். ரவிக்கை வாங்க வருகிறவர்கள் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். இன்னொரு தையல்காரி கையில் கொடுங்கள், முதல் வேலையாக உள்பக்கம் திருப்புவாள். பிரித்துத் தைத்த இடம் அங்கேதான் தெரியும்.

பாமா தன் கதையைச் சொன்ன ‘கருக்கு’, 1992-ல் வந்தது. அதில் ஒரு காட்சி. பள்ளிக்கூடம் விட்டு வருகிற சின்னப் பெண், தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் சொன்னால் அண்ணன் சிரிக்கவில்லை. நம் கை பட்டால் மேல்சாதிக்காரர்களுக்குத் தீட்டு, அதனால்தான் அப்படித் தூக்கிப் போகிறார் என்கிறான். நானும் அந்தப் பக்கத்தில் முதலில் சிரித்தேன், நடுவர் அவர்களே. அடுத்த பக்கத்தில் மிஷினை நிறுத்திவிட்டேன்.

எதிரணித் தம்பி நம் மலையைப் பற்றிய நாவலைச் சொன்னார், ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’. நல்ல நாவல், எனக்கும் பிடிக்கும். விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘எரியும் பனிக்காடு’ம் தங்கள் கட்சி என்றாரே, அதை விட மாட்டேன். எழுதிய பி.எச். டேனியல், தோட்டங்களில் வைத்தியம் பார்த்த டாக்டர். கண்ணால் கண்டதையும் தொழிலாளர்களிடம் காதால் கேட்டதையும் கதையாக்கினார். ஆனைமலைத் தோட்டத்தில் நிஜமாகச் செத்தார்களே என்றுதானே நாம் அழுகிறோம்? அது நாவல் சட்டை போட்டுக்கொண்டு வந்த சாட்சி.

சுந்தர ராமசாமி 1981-ல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ எழுதினார். முதல் வரியிலேயே ஜே.ஜே. என்கிற எழுத்தாளன் செத்த தேதி, டைரி வேறு. நான் நிஜ ஆள் என்று நம்பி, அவன் எழுதினது ஏதாவது இருக்கிறதா என்று நூலகத்தில் கேட்டேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். நாவலை நம்ப வைக்கவே நிஜ வாழ்க்கை மாதிரி வேஷம் போட வேண்டியிருக்கிறதே, அதற்கென்ன பதில்?

முதல் மணி அடித்துவிட்டீர்கள். அப்பாவின் நோட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார்கள். அப்பா நாற்பது பக்க நோட்டில் கொண்டுவந்த சாமான் எழுதியிருக்கிறார். டிரங்குப் பெட்டி இரண்டு. அம்மிக் குழவி ஒன்று, அம்மி இல்லை. தையல் மிஷின், தலை மட்டும், கால் அங்கேயே. இவ்வளவுதான் என் அப்பாவின் தன்வரலாறு. படித்த நாவல்களில் பாதிக்கு நாயகி பெயர் எனக்கு மறந்துவிட்டது. இந்த மூன்று வரியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அந்தத் தலைக்குக் குன்னூரில் பழைய கால் ஒன்று வாங்கிப் பூட்டினோம். வேறு கம்பெனிக் கால். மிதிக்கிறபோது இன்றைக்கும் ஒரு பக்கமாக ஆடுகிறது, கீழே அட்டை மடித்து வைத்திருக்கிறேன். எதிரணித் தலைவர் போட்டிருக்கிற சட்டைக்குக் காலர் திருப்பினது அதில்தான்.

இரண்டாவது மணியும் ஆயிற்று. வணக்கம்.