எதிராளியின் மொழியைப் படித்தவர்

(பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணாச்சிமாருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

பணகுடி வழியாகப் பஸ்ஸில் போகும்போது மேற்கே மகேந்திரகிரி மலையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம் இருக்கிறது. கிழக்கே கடலோரம் கூடங்குளம். வல்லரசுகளின் போட்டி எங்கோ தூரதேசத்து விவகாரம் என்று நினைக்கிறோம். அதன் தடம் நம் ராதாபுரம் பக்கத்திலேயே கிடக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஜார்ஜ் கென்னன். 1904இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர். 1926இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அப்போது அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் தூதரக உறவே கிடையாது. ஆனாலும் அவரைப் பெர்லினுக்கு அனுப்பி ரஷ்ய மொழியும் வரலாறும் படிக்க வைத்தார்கள். எனக்கு இந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது. பேச்சுவார்த்தையே இல்லாத ஒரு நாட்டின் மொழியை ஓர் இளைஞர் வருடக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறார். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் கதைகளில் மனதைப் பறிகொடுக்கிறார். 1933இல் உறவு ஏற்பட்டு, மாஸ்கோவில் தூதரகம் திறக்கப்போனபோது ஆள் தயாராக இருந்தார்.

1946 பிப்ரவரி 22 அன்று மாஸ்கோவிலிருந்து ஐயாயிரம் சொற்களுக்கும் மேல் நீண்ட ஒரு தந்தி அடித்தார். சோவியத் தலைவர் ஸ்டாலின் அரசின் பகைமைக்கு வேர் அந்த நாட்டின் பழைய பயத்தில் இருக்கிறது, இனிக்கப் பேசி அதை மாற்ற முடியாது, அதற்காகப் போருக்கும் போக வேண்டாம், உறுதியாக நின்றால் அது பின்வாங்கும் என்றார். அப்புறம் சொன்னதுதான் முக்கியம்: நம் சமுதாயம் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். மறு வருடம் ‘எக்ஸ்’ என்ற புனைபெயரில் இதையே விரித்துக் கட்டுரையாக எழுதினார்.

அவர் நினைத்தது பெரும்பாலும் அரசியல், பொருளாதார வழி. வாஷிங்டன் அதைப் படைபலமாகவே எடுத்துக்கொண்டது. அந்த வருத்தம் அவரை விடவே இல்லை. 1966இல் வியட்நாம் போரை எதிர்த்து செனட் குழு முன் பேசினார். 1997இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவை ரஷ்யாவின் வாசல்வரை விரிப்பது பெரும் பிழை என்று எழுதினார். 2005இல், 101 வயதில் இறந்தார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1991இல் கிரையோஜெனிக் இன்ஜின், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும் ராக்கெட் இன்ஜின், அதன் தொழில்நுட்பத்துக்காக ரஷ்யத் தரப்போடு ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா தடை விதித்தது. 1993இல் ரஷ்யா பின்வாங்கி, தொழில்நுட்பம் தராமல் இன்ஜின்களை மட்டும் தந்தது. இரண்டு பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடித்தார்கள், வலி நமக்கு. மகேந்திரகிரியில் நம்மவர்கள் இருபது வருடம் பாடுபட்டார்கள். 2014 ஜனவரி 5 அன்று நம் சொந்த இன்ஜினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது. கென்னன் சொன்ன பொறுமையை நான் அந்த மலையடிவாரத்தில்தான் பார்க்கிறேன்.

கூடங்குளத்துக்கு 1988இல் கையெழுத்துப் போட்ட சோவியத் நாடு மூன்றே வருடத்தில் இல்லாமல் போனது. ஆனாலும் உலை எழுந்தது. ரஷ்ய நிபுணர்கள் இன்றைக்கும் அங்கே வேலை பார்க்கிறார்கள். அவர்கள் மொழியில் ஒரு வாக்கியம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரஷ்யனோ சீனமோ படிக்க ஆசைப்படும் தம்பி, தங்கச்சி யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். முதல் பாடப்புத்தகம் என் செலவு.