அச்சாணி இல்லாத தேர்: முதுமை கண்ட போக்குவரத்து விமானங்கள்

(தாம்பரத்தில் சிறுதொழில் முனைவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, இந்த அரங்கத்தை வாடகை வாங்காமல் தந்துதவிய பாலிடெக்னிக் முதல்வர் அம்மையார் அவர்களே, வார்டு வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, குத்துவிளக்கேற்றி வைத்த வங்கி மேலாளர் அவர்களே, விமானப்படையில் ஆண்டுக்கணக்கில் ஸ்பேனர் பிடித்து ஓய்வுபெற்ற அண்ணன்மார்களே, அம்பத்தூரிலிருந்தும் திருமுடிவாக்கத்திலிருந்தும் பட்டறையை அரைநாள் மூடிவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவேற்புரை சொன்ன தம்பிக்குத் தனியாக நன்றி. ஒரு பெயரையும் விடாமல் சொன்னார்.

நம் விமானப்படையின் பழைய சுமை விமானங்களைப் பற்றி உலோகம், உதிரிபாகம், ஆள் என்று மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. இதை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் விமானப்படையின் சுமைதூக்கி ஏ.என்.-32. 1984 முதல் வந்து சேர்ந்தவை, நூற்றுக்கும் மேல். மெல்லிய காற்றுள்ள மலை ஓடுதளங்களுக்காகவே பெரிய எஞ்சின், பெரிய ப்ரொப்பெல்லர். அது தரையில் தட்டாமலிருக்க எஞ்சினை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். அதைவிட மூத்தது ஆவ்ரோ. கான்பூரில் உருவான முதல் ஆவ்ரோ பறந்த நாள் 1961 நவம்பர் 1. அதற்கு மாற்றாக 56 சி-295 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 செப்டம்பரில். 16 ஸ்பெயினிலிருந்து பறந்து வருவது, 40 வடோதராவில் உருவாவது என்று ஏற்பாடு. முதல் பறப்புக்கும் மாற்று ஒப்பந்தத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகள்!

முதலில் உலோகம். விமானத்தின் வயதை மூன்று விதமாகக் கணக்கெடுப்பார்கள்: பறந்த மணி, இறங்கிய தடவை, நாள்காட்டி ஆண்டு. எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதுதான் கணக்கு. மேலே ஏறும்போது உள்காற்றழுத்தத்தால் உடல் லேசாக உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. இது ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் ரிவெட் துளையின் விளிம்பில் மயிரிழை விரிசல் பிறக்கும். கண்ணுக்குத் தெரியாது, சுழல்மின்னோட்டச் சோதனையில்தான் பிடிபடும். பறக்காமல் நிறுத்தி வைத்தால் தப்பிக்கலாமா என்றால், அதுவும் இல்லை. தாம்பரம், போர்ட் பிளேர் போன்ற உப்புக்காற்றில் நிற்கிற விமானத்தில் தரைப்பலகைக்கு அடியிலும் நீர் வடியும் துளை அடைத்த இடத்திலும் அலுமினியம் பொருக்குத் தட்டி, தாள் தாளாக உரியும். கடல்மேல் பறந்து வந்தால் நன்னீரில் கழுவு, வடிதுளையைக் குத்திவிடு. இந்த இரண்டு வேலையும் ஒழுங்காக நடந்தால் அரிப்பில் பெரும்பகுதி அண்டாது.

அடுத்தது உதிரிபாகம். நாம் கூடியிருப்பதே இதற்காகத்தான். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் குழாய் இணைப்பில், கசிவைத் தடுக்க ஓ-ரிங் என்று ஒரு வளையம் இருக்கும். நைட்ரைல் ரப்பர், குழந்தையின் வளையலைவிடச் சிறியது. புதியதை நசுக்கி விட்டால் பழைய உருண்டைக்குத் திரும்பும். பழையதை வெளியே எடுத்துப் பாருங்கள், ஒருபக்கம் தட்டையாகியிருக்கும். வளைத்துப் பிடித்தால் மேல்தோலில் பொடிவெடிப்பு தெரியும். அந்தத் தட்டை வழியாகத்தான் எண்ணெய் கசியும். எண்ணெய் போனால் அழுத்தம் போகும். அழுத்தம் போனால் சக்கரம் இறங்காது, பிரேக் பிடிக்காது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது! இந்த வளையத்துக்குப் பையிலேயே வயது ஓடும். உற்பத்தி தேதி பார்த்து, வெளிச்சம் படாமல், குளிர்ச்சியான இடத்தில், மின்மோட்டார் பக்கம் வைக்காமல் காக்க வேண்டும். மோட்டாரின் பொறியில் பிறக்கும் ஓசோன் ரப்பரைத் தின்றுவிடும். பல ஆண்டுக்குப் போதுமென்று மொத்தமாக வாங்கிக் குவித்தால் ஒரு பகுதி கிடங்கிலேயே செத்துப்போகும்.

பாகம் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வார்கள்? நிற்கிற விமானத்திலிருந்து கழற்றிப் பறக்கிற விமானத்தில் போடுவார்கள். இரண்டு வேலை நான்கு வேலையாகும். ஒவ்வொரு கழற்றலிலும் மரை தேயும், மின்கனெக்டரின் ஊசி வளையும், பழைய பாகத்தின் ஓடிய மணிக்கணக்கு தாளில் தவறும். ஏ.என்.-32 உருவான நாடான உக்ரைனோடு 2009-இல் அதன் மேம்பாட்டுக்கு ஒப்பந்தம் போட்டோம். 40 விமானங்கள் அங்கே, மீதி கான்பூர் பணிமனையில் என்று ஏற்பாடு. 2014-இல் அங்கே மோதல் தொடங்கியதும் கான்பூருக்கு வரவேண்டிய பாகங்களின் வரத்து தடுமாறியது. வேலை தெரிந்த கைகள் இருந்தும் பொருள் இல்லை.

இப்போது சொல்லப்போவது இந்தத் தாம்பரத்து மண்ணின் செய்தி. 2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணி. இதோ இந்த ஓடுதளத்திலிருந்து ஓர் ஏ.என்.-32 போர்ட் பிளேருக்குக் கிளம்புகிறது. உள்ளே 29 பேர். பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேரவேண்டும். ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம், உயரம் 23,000 அடி, ரேடாரில் புள்ளி தெரிகிறது. பிறகு இல்லை. அபாயக் குரல் இல்லை, சமிக்ஞை இல்லை. கப்பல்கள் போயின, விமானங்கள் போயின, நீர்மூழ்கி போனது. வாரக்கணக்கில் வங்கக்கடலைச் சல்லடை போட்டார்கள். செப்டம்பரில் குடும்பங்களுக்குக் கடிதம்: இறந்ததாகக் கருதப்படுகிறார்கள். கருதப்படுகிறார்கள் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு 29 வீடுகள் ஏழு ஆண்டு காத்திருந்தன, ஐயா! அம்மா சோறு போட்டு வைத்தால் யாருக்கு வைப்பது, படத்துக்கு மாலை போட்டால் எந்தத் தைரியத்தில் போடுவது?

2024 ஜனவரியில் விடை வந்தது. எங்கிருந்து? நம் பள்ளிக்கரணையிலிருந்து! அங்கிருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல்மைலில், 3,400 மீட்டர் ஆழத்தில், சோனாரிலும் படத்திலும் அந்த விமானத்தின் சிதைவுகளைக் கண்டது. தாம்பரத்தில் ஏறியதைப் பள்ளிக்கரணை தேடிக் கொடுத்தது. நடுவே ஏழரை ஆண்டுகள்.

ஏன் இத்தனை காலம்? அந்த விமானத்தில் நீரடி ஒலிக்குறிப்பான் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் உருளை அது. தண்ணீர் பட்டதும் தானே விழித்து, 37.5 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கொரு தட்டு தட்டும். பழைய வகை 30 நாள், புதிய வகை 90 நாள். ரேடியோ அலை கடல்நீரைத் துளைக்காது, ஒலி துளைக்கும். வானிலிருந்து கேட்கும் அபாயக் குறிப்பான் வேறு. அது மூழ்கினாலோ ஆண்டெனா கம்பி அறுந்தாலோ ஊமை. அதிலும் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் வகையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதே இல்லை, 406 மட்டும்தான். 2019 ஜூனில் ஜோர்ஹாட்டிலிருந்து மேசுகா போன ஏ.என்.-32, 13 பேரோடு அருணாசல மலையில் விழுந்தபோதும் குறிப்பானின் குரல் கேட்கவில்லை. எட்டு நாள் கழித்து, 12,000 அடி உயரத்தில், ஹெலிகாப்டரில் போனவர்கள் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. ஓடியது எங்கே விழுந்தது என்றும் தெரியாது.

அதனால்தான் நண்பர்களே, பட்டறைக்காரர்களாகிய உங்களிடம் வந்திருக்கிறேன். புது விமானம் வரட்டும், வரவேற்போம். ஏ.என்.-32 இன்னும் பல ஆண்டு பறக்கத்தான் போகிறது. அதற்கு வேண்டிய புஷ், குழாய் இணைப்பு, வளையம், கிளாம்ப் இவற்றை இங்கேயே செய்ய முடியும். எந்த உலோகம் என்பதை நிறமாலைமானி பத்து நிமிடத்தில் சொல்லிவிடும். கஷ்டம் எங்கே என்றால் உலோகத்தைச் சூடேற்றி ஆறவைக்கும் வெப்பப்பதம், மேற்பூச்சு, இடைவெளி அளவு, இந்த மூன்றில். மேல்நாட்டு வரைபடம் கையில் கிடையாது. ஒரே பாகத்தை அளந்து வரைந்தால் அதன் தேய்மானத்தையும் சேர்த்து வரைந்துவிடுவீர்கள். குறைந்தது மூன்று, அதில் ஒன்று பயன்படுத்தாத புதியது, அளக்கக் கிடைக்க வேண்டும். குழாய் என்றால் வேலையழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் தாங்கல் சோதனை, பிறகு வெடிப்புச் சோதனை, பிறகு அழுத்தத்தைத் தட்டித் தட்டி ஏற்றும் சோதனை. அதன்பின் பெங்களூரில் ராணுவ வான்தகுதி மையத்தின் சான்று.

ஆர்டர் வருவதோ நாற்பது வளையம், பன்னிரண்டு குழாய் என்று. சோதனைக்காகும் செலவு பொருளின் விலையை விழுங்கிவிடும்; எந்தப் பட்டறை தாங்கும்? 2019-இல் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என்று ஐந்து முனைகளோடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கினார்கள். 2020-இல் சோதனைக்கூடங்களுக்கு 400 கோடியில் திட்டம் அறிவித்து, 75 சதவீதம் வரை அரசு மானியம் என்றார்கள். விமானப்படையிடம் நான் கேட்பது இதுதான்: ஐந்தாண்டுத் தேவையை ஒரே ஆர்டராகச் சேர்த்துக் கொடுங்கள், சரக்கை ஆண்டுதோறும் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள், முதல் தொகுதியின் சோதனைச் செலவை வாங்குகிறவரே ஏற்றுக்கொள்ளுங்கள், மாதிரிப் பாகத்தைக் கடனாகத் தாருங்கள். மாமன்ற உறுப்பினர் அவர்கள் இதை நாடாளுமன்ற உறுப்பினர் கையில் சேர்ப்பதாக மேடையிலேயே தலையசைத்தார். அவருக்கு என் கைகூப்பு.

மூன்றாவது செய்தி, ஆள். பழைய விமானத்தின் கைப்பக்குவம் தெரிந்த டெக்னீசியன்கள் ஓய்வுபெற்றுப் போகிறார்கள். நேரமாகிவிட்டதென்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார், அதனால் அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். வாசலில் மேசைமேல் படிவம் இருக்கிறது. உங்கள் பட்டறையில் லேத் எந்த அளவு, எத்தனை மைக்ரான் வரை பிடிப்பீர்கள், ரப்பர் மோல்டிங் பிரஸ் உண்டா, வெப்பப்பதம் யாரிடம் செய்கிறீர்கள், இவ்வளவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வணக்கம்.