அந்த 14 ஃப்ரேம்ல எதுக்கு வசனம்?

மக்களே, வணக்கம். இன்னைக்கு நான் செம கடுப்புல இருக்கேன். புதுசா டப்பிங்ல வந்த ஒரு குழந்தைங்க கார்ட்டூன் எபிசோட். வில்லன் மலை விளிம்பைத் தாண்டி ஓடிடுறான், காத்துலயே நிக்கிறான், காலால தரையைத் துழாவுறான். அங்க வந்து விழுது ஒரு வசனம்: "ஐயய்யோ, கீழ ஒண்ணுமே இல்லையே, விழப்போறேனே!" வாயே அசையல மக்களே!

நான் ஃப்ரேம் ஃப்ரேமா, அதாவது ஒவ்வொரு தனிப் படமா, நகர்த்திப் பார்ப்பேன்னு உங்களுக்குத் தெரியும். அவன் தலையைக் குனியறதுக்கு முன்னாடியே குரல் ஆரம்பிச்சிடுது. அங்கதான் மொத்தமும் கெட்டுது. கார்ட்டூன்ல கீழ பார்க்குற வரைக்கும் எவனும் விழமாட்டான். பார்க்கறதுக்கு முன்னாடியே அவனுக்கு விஷயம் தெரிஞ்சிருந்தா, இவ்வளவு நேரம் எப்படி நின்னான்?

அடுத்தது விழும்போது வரவேண்டிய அந்த மௌனம். ரோட் ரன்னர்ங்கிற பறவையைத் துரத்துற கொயோட்டியை (ஓநாய் மாதிரி ஒரு மிருகம்) எடுத்துக்கங்க, அமெரிக்க கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ் 1949ல ஆரம்பிச்சது. அவன் விழறதுக்கு அவர் கணக்கே வெச்சிருந்தார். சின்னதாகி மறையறதுக்கு 18 ஃப்ரேம். அப்புறம் 14 ஃப்ரேம் ஒண்ணுமே நடக்காது. அதுக்கப்புறம்தான் கீழ புழுதி கிளம்பும். செகண்டுக்கு 24 ஃப்ரேம்னா, அந்த 14 அரை செகண்டுக்குக் கொஞ்சம் மேல. அந்த நேரத்துல குழந்தை மனசுக்குள்ள 'தொப்'புன்னு போட்டுக்கும், நிஜ சத்தம் அதுக்குப் பின்னாடி வரும். சிரிப்பே அங்கதான். சீக்கிரம் விழுந்தா எதிர்பார்ப்பு சேராது, லேட்டானா கவனம் கலைஞ்சிடும். அதுல போய் வசனத்தைத் திணிச்சா குழந்தை காதால கேட்டுக்கிட்டு இருக்கும், மனசுல எதுவும் போட்டுக்காது.

ஆங், ஒண்ணை விட்டுட்டேன். கீழ பார்த்த உடனே விழக்கூடாது. நடுவுல நம்மளை ஒரு தடவை பார்க்கணும், கண்ணு ஒரு தடவை சிமிட்டணும். இந்த எபிசோட்ல அதை அழகா வரைஞ்சிருக்காங்க, காது ரெண்டும் மெதுவா தொங்குது. வசனம் ஓடுறதால யாரும் கவனிக்க மாட்டாங்க.

இதே எபிசோட்ல வாளி காமெடி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. முதல் தடவை கதவைத் திறக்கிறான், தலையில வாளி. ரெண்டாவது தடவை ஒதுங்கி நிக்கிறான், வாளியும் ஒதுங்கி வந்து விழுது. மூணாவதுக்குக் குடையோட வர்றான், வாளி வரவே இல்ல. நிம்மதியா குடையை மடக்குறான், அப்போ விழுது! முதல் ரெண்டும் பழக்கப்படுத்தறதுக்கு, மூணாவது அதை உடைக்கிறதுக்கு. வசனமே இல்லாததால தப்பிச்சுது.

டப்பிங் எழுதுறவங்க யாராவது பார்த்தா, வசனம் வெச்சே ஆகணும்னா புழுதி அடங்கினதுக்கு அப்புறம் வைங்க. பள்ளத்துக்குள்ளேர்ந்து சன்னமா ஒரு "ம்ம்ம்" போதும்.

நீங்க செக் பண்ணணும்னா, கம்ப்யூட்டர்ல யூடியூப் வீடியோவை நிறுத்திட்டு முற்றுப்புள்ளி கீயை அழுத்துங்க, ஒவ்வொரு ஃப்ரேமா முன்னாடி போகும். கமா அழுத்தினா பின்னாடி. மறைஞ்சதுலேர்ந்து புழுதி வரைக்கும் எண்ணிட்டு கமென்ட்ல போடுங்க. வீடியோ 30 ஃப்ரேம்ல ஏத்தியிருந்தா எண்ணிக்கை கூட வரும், அதையும் சேர்த்து எழுதுங்க.