வேற்றுமை உருபு தெரிந்த பிள்ளைக்கு லத்தீன்

நேயர்களுக்கு வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறோம். என் பிள்ளைகள் இருவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். லத்தீனும் கிரேக்கமும் அதில் உண்டு. "முதலில் இங்கிலீஷ் நன்றாக வரட்டுமே" என்பார்கள் உறவினர்கள். முதலில் வரவேண்டியது தமிழ் இலக்கணம் என்பேன் நான்.

'அக்ரிகொல ஃபீலியய் ரொஸம் தத்.' உழவன் மகளுக்கு ரோஜாவைக் கொடுக்கிறான். சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது. 'ரொஸம்' என்பதன் கடைசி 'ம்', நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்றதுமே என் மகள் பிடித்துக்கொண்டாள்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில். நமக்குக் 'கள்' தனி, 'கு' தனி. லத்தீனில் எண்ணும் வேற்றுமையும் ஒரே விகுதியில் கலந்து வரும். பெயர்ச்சொல்லின் 5 வகைக்கும் அந்த விகுதி மாறும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் தினமும் உரக்கச் சொல்ல வேண்டும்.

பால் இன்னும் கடினம். மேசையைப் பெண்பால் என்றால் தமிழ்ப் பிள்ளை எப்படி ஏற்கும்? தோட்டத்தில் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். காப்பிச் செடிக்கு லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் கொஃபெயா அராபிகா. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், கிரெவில்லியா ரொபஸ்டா. அந்த மரத்தில் ஏறும் மிளகுக்கொடி மட்டும் பிபெர் நிக்ரும். "இது மட்டும் ஏன் 'உம்'மில் முடியுதும்மா?" என்றான் சின்னவன். 'பிபெர்' ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பால். கருப்பு என்று பொருள்படும் 'நிக்ரும்' என்னும் அடைமொழியும் அதன் பாலுக்கு ஏற்ப மாறி நிற்கிறது. பாடநூலில் அட்டவணையாகக் கிடந்தது, அன்று கையெட்டும் கொடியில் தெரிந்தது.

கிரேக்க எழுத்துகள் 24தான். 247 பழகிய கைக்கு அது பாரமே இல்லை. எப்சிலான் குறில், எட்டா நெடில். ஒமிக்ரான் குறில், ஒமேகா நெடில். எ ஏ, ஒ ஓ தெரிந்த பிள்ளைக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் படித்தால் போதும்; ஆனால் தினமும் படிக்க வேண்டும். 14 வயது நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆகவே காலையில் அரைமணி நேரத்தை இந்த மொழிகளுக்குக் கொடுக்க அஞ்ச வேண்டாம்.

இன்றைய ஏகார, ஓகார வடிவங்களைத் தந்தவர் என்று நாம் போற்றும் வீரமாமுனிவர், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். மகள் அடுத்துப் படிக்கப்போவது அதைத்தான். குறளை மனப்பாடமாக அறிந்த பிள்ளைக்கு அகராதி அதிகம் தேவைப்படாது என்று நம்புகிறேன். நன்றி, வணக்கம்.